ஊட்டும் கையில் நகம்

1

என் இடது கையில் நகமே இருக்காது. வலது கையில் கட்டை விரல் முதல் மோதிர விரல் வரை நான்கு நகங்களும் சதையைத் தாண்டி வெளியே நிற்கும், பளபளவென்று தேய்த்து. சுண்டு விரலுக்கு வேலை இல்லாததால் அதை விட்டுவிட்டேன். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு இன்னொரு முறை பார்ப்பார்கள். கிளாசிக்கல் கிட்டார் வாசிக்கிறவனுக்கு இது தொழில் லட்சணம். இடது கை தந்தியை அழுத்துகிறது, அங்கே நகம் இடைஞ்சல். வலது கை மீட்டுகிறது, அங்கே நகம் இருந்தால்தான் சத்தம் தெளிவாகவும் கணீரென்றும் வரும்.

ஜெர்மனியில், ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். பேருந்து இருக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கிட்டார் நாற்பது வயதுக்கு மேல் பிடித்த பைத்தியம். வேலைக்குப் போகும் முன் தினமும் ஒரு மணி நேரம் வாசிப்பேன். குளிர்காலத்தில் அந்த நேரத்துக்கு வெளியே கும்மிருட்டு, விரல் விறைத்துப் போயிருக்கும், ஆனாலும் விடமாட்டேன். நான் நன்றாக வாசிப்பேன். தன்னடக்கத்துக்காக இதை மறைக்கிற ஆள் நானில்லை.

நகத்துக்காக வீட்டில் எனக்குப் பல சலுகைகள். பாத்திரம் தேய்க்க மாட்டேன், டப்பா திறக்க மாட்டேன். "நகத்த வச்சே நல்லா தப்பிச்சுக்கறீங்க" என்பாள் என் மனைவி சுதா. போன வருடம் நடுவிரல் நகம் உடைந்தபோது, பெண்கள் நகம் அழகுபடுத்திக்கொள்ளும் கடைக்குப் போய் ஜெல் நகம் வைத்துக்கொண்டேன். அங்கே நான் ஒருவன்தான் ஆண். கடைக்கார அம்மாள் முகத்தில் சலனமே இல்லாமல் என்ன நிறம் வேண்டும் என்று அட்டையை நீட்டினார்.

சாப்பாடும் ஸ்பூனில்தான். அந்த நகங்களோடு சாம்பார் சாதம் பிசைந்தால் மஞ்சள் ஏறிவிடும், இடுக்கில் பருக்கை ஒட்டும், நகம் ஊறி மெத்தென்று ஆகிவிடும். ஜெர்மனியில் ஸ்பூனில் சாப்பிடுகிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

இந்த வருடம் எங்கள் ஊர் இசைப்பள்ளியின் வசந்த கால நிகழ்ச்சியில் எனக்குத் தனியாக இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். முதல் முறை. கடைசியாக ஒரு டிரெமொலோ துண்டு வாசிப்பதாக ஏற்பாடு. கட்டை விரல் கீழே ஒரு பாட்டை நடத்திக்கொண்டு போக, மற்ற மூன்று விரல்களும் ஒரே தந்தியை மாற்றி மாற்றி, மழை விழுகிற வேகத்தில் தட்ட வேண்டும். கேட்கிறவருக்கு இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். அதை வசப்படுத்த எனக்கு மூன்று வருடம் ஆனது. நகம் இல்லாமல் அது நடக்காது.

அப்போதுதான் திருவண்ணாமலையிலிருந்து தங்கை செல்வி கூப்பிட்டாள். குழந்தைக்கு முதல் சோறு ஊட்டப் போகிறார்களாம்.

2

செல்விக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை அது. எங்கள் குடும்பத்தில் முதல் சோற்றைத் தாய்மாமன் மடியில் வைத்து, தாய்மாமன் கையால்தான் ஊட்ட வேண்டும். அப்பாவும் அம்மாவும் இல்லை. "பொறந்த வூட்டுலருந்து எனக்குன்னு வர்றதுக்கு நீ ஒருத்தன்தாண்ணா" என்றாள். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு நாள் முன்பாகத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு டிக்கெட் எடுத்தேன். நகத்தைப் பற்றி அப்போது எனக்கு நினைவே வரவில்லை. ஊட்டுவது என்றால் கையால் என்பதே மறந்துபோகும் அளவுக்கு ஸ்பூனில் சாப்பிட்டுப் பழகியிருக்கிறேன்.

சுதாவுக்கு விடுப்பு இல்லை. மகள் மீராவை அழைத்துப் போக அவள் பள்ளியில் அனுமதி வாங்க வேண்டும். விடுமுறை இல்லாத நாளில் பிள்ளையை வெளியே கூட்டிப் போவது அங்கே சாதாரண விஷயமில்லை. காரணம் கேட்டார்கள். குழந்தைக்குச் சோறு ஊட்டுவது என்றேன். அலுவலகப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதற்கு நீங்கள் எதற்கு?" என்றார். கல்யாணமா, சாவா, ஞானஸ்நானமா, இந்த மூன்றில் எது என்றார். கடைசியில் ஞானஸ்நானம் மாதிரி என்று ஒப்புக்கொண்டேன்.

பதினைந்து வயது மீராவுக்கு இது பெரிய மானக்கேடு. அவளுக்குத் தமிழ் புரியும், பேசுவாள், ஆனால் எல்லோரையும் 'நீ' என்பாள். "உன் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு நான் எதுக்குப்பா? ஃப்ரெண்ட்ஸ் கேட்டா என்ன சொல்றது?" என்றாள். குடும்ப விஷயம் என்று சொல்லச் சொன்னேன். அப்படியேதான் சொல்லியிருக்கிறாள். யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவர்கள் வருத்தம் தெரிவித்தார்களாம்.

சென்னை விமான நிலையத்தில் கிட்டார்ப் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, கிட்டாரை விட்டுவிட்டு என் கையையே பார்த்தார். "ஒரு கையில மட்டும் எதுக்கு சார்?" என்றார். விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குச் செல்வி குடிவந்திருக்கிறாள். அவள் கணவர் ஏழுமலைக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை; நடந்தே போய்விடுவார். போன அன்றே வாழை இலை போட்டு, சுடச்சுடச் சோறும் முருங்கைக்காய் சாம்பாரும் வைத்தாள். நான் பழக்க தோஷத்தில் ஸ்பூன் கேட்டேன்.

செல்வி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். "ஸ்பூனாண்ணா?"

"நகம் இருக்குது இல்ல, அதான்."

"இருக்கட்டும் இருக்கட்டும்" என்று உள்ளே போய் எடுத்துவந்தாள். இலையில் ஸ்பூனால் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? இலை கிழியும், சாம்பார் ஓடும். எதிரே ஏழுமலை மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். "வெளிநாட்ல அப்படித்தானே மச்சான், பழகிடும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஊருக்கு வந்து மேட்டுக்குடி வேஷம் போடுகிறவன் என்று என்னை நினைத்துவிட்டார்களே என்று அன்று முழுக்கக் கோபமாகவே இருந்தேன். கோபத்திலும் ஸ்பூனை விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

3

வீட்டில் வாசிக்க முடியவில்லை. குழந்தை தூங்கும், விழிக்கும், உறவுக்காரர் வருவார்கள். செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் அறை கிடைக்கும் என்றார் ஏழுமலை. அங்கே கரீம் பாய் என்பவரின் விடுதியில் பகலில் மட்டும் ஓர் அறை எடுத்தேன். மூன்று தலைமுறையாகத் தேரடித் தெருவில் துணி வியாபாரம் பார்த்த குடும்பம் அவருடையது. இப்போது இந்த விடுதி. கிட்டாரோடு இறங்கிய என்னிடம் அவர் இங்கிலீஷில் ஆரம்பித்தார். வேங்கிக்காலிலிருந்து வருகிறேன் என்று தமிழில் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த ரோட்ல கிட்டாரோட வர்றவங்க எல்லாம் வெளிநாட்டுக்காரங்க சார். நம்மூரு ஆளு ஒருத்தர் ரூம் எடுத்து வாசிக்கிறத இப்பதான் பாக்கறேன். வூட்ல சண்டையா?"

காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அங்கே எனக்கு ராஜ வாழ்க்கை. பயிற்சிக்கென்றே எழுதிய எட்யூட் ஒன்று முதலில். பிறகு லூட் என்ற பழைய வாத்தியத்திலிருந்து கிட்டாருக்கு மாற்றிய இரண்டு நடன இசைத் துண்டுகள். பிறகு ஒரு தென்னமெரிக்க வால்ட்ஸ், சுழன்றாடும் நடனத்துக்கான இசை. அது சுலபம் மாதிரி சிரித்துக்கொண்டே வந்து, மூன்றாம் பக்கத்தில் காலை வாரிவிடும். கடைசியாக டிரெமொலோ. வெயிலில் தந்தியின் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது, நானும் முறுக்கிக்கொண்டே இருந்தேன். ஆனால் விரல்கள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஜெர்மனிக் குளிரில் இறுகிக்கிடந்த கை நம்மூர்ச் சூட்டில் இளகிவிட்டது. மூன்றாம் நாள் அந்தத் துண்டை ஒரு பிசிறும் இல்லாமல் முழுதாக வாசித்தேன். எழுந்து நின்று எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

அடுத்த அறையிலிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் கதவைத் தட்டி, பஜனை தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். ஏமாற்றத்தோடு போனார்.

4

விசேஷம் புதன்கிழமை காலை, பெரிய கோயிலில். செவ்வாய்க்கிழமை மத்தியானம் குழந்தையை மடியில் போட்டுப் பழகிக்கொள் என்று செல்வி கொடுத்தாள். நானும் கொஞ்சிக்கொண்டிருந்தேன். குழந்தை சட்டென்று முகத்தைத் திருப்பியது. என் ஆள்காட்டி விரல் நகம் அதன் கன்னத்தில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டது. குழந்தை வீறிட்டது.

செல்வி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். முதுகைத் தட்டினாள். அழுகை அடங்கியதும், "நாளைக்கு ஸ்பூன்லயே ஊட்டிடுண்ணா. அவரு வெள்ளி ஸ்பூன் வாங்கியாறேன்னு சொல்லிட்டாரு. ஒண்ணும் பரவால்ல" என்றாள். அந்தப் 'பரவால்ல' எனக்குத் தெரியும். சின்ன வயதில் கேட்டது கிடைக்காது என்று தெரிந்த பிறகு அவள் சொல்கிற பரவால்ல அது.

மீரா ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இடது கைல ஊட்டலாமே? அந்தக் கைல நகம் இல்லையே" என்றாள்.

ஏழுமலை வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டார். செல்வி முகத்தை இறுக்கிப் பார்த்தாள், முடியவில்லை, குழந்தை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "அய்யோ கண்ணு, முதல் சோத்தயா? பீச்சாங்கைலயா?" மீராவுக்குப் புரியவில்லை. "ஏன்? சுத்தமா இருக்கே. லாஜிக்தானே?" என்று கையை விரித்தாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஊட்டக் கூடாத கை மழமழவென்று இருந்தது, ஊட்ட வேண்டிய கையில் நான்கு கத்தி.

சிரிப்பு அடங்கியதும் நான் நகம் வெட்டி கேட்டேன்.

"எதுக்கு?"

"வெட்டத்தான்."

"உன் கச்சேரி இன்னா ஆறது?"

"அது என் பாடு. எடு."

அவள் எடுக்கவில்லை. "இன்னிக்கு செவ்வாக்கெழமண்ணா. வூட்ல நகம் வெட்டக் கூடாது."

நாளைக் காலை என்றேன். விசேஷத்தன்று கூடவே கூடாதாம். சலூனுக்குப் போகிறேன் என்றேன். செவ்வாய் சலூன் லீவு என்றார் ஏழுமலை. வெட்டு என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்டுகிறேன் என்கிறவனை வெட்டவும் விடவில்லை. என் தங்கை அப்படித்தான்.

ஆட்டோ பிடித்துக் கரீம் பாயிடம் போனேன். மீராவும் ஏறிக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டு பாய்க்கு ஒரே சிரிப்பு. "நாங்க வெள்ளிக்கெழம தொழுகைக்கு முன்னாடி வெட்டுவோம் சார். உங்க வூட்ல வெள்ளிக்கெழமயும் ஆகாதும்பாங்க. நம்ம ஊர்ல ரெண்டு பேரும் ஒரே நாள்ல வெட்டினதே இல்ல போல." மேஜை டிராயரிலிருந்து நகம் வெட்டியை எடுத்துத் தந்தார்.

வலது கை நகத்தை இடது கையால் வெட்ட எனக்கு வரவில்லை. இத்தனை வருடமாக அதைத் தேய்த்ததோடு சரி. மீரா வாங்கிக்கொண்டாள். ஜெர்மன் மொழியில் மெதுவாகக் கேட்டாள்: "நிச்சயமாகவா? டிரெமொலோ போய்விடும்." அந்தத் துண்டின் பெயர் அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காலையில் நான் வாசிக்கும்போது போர்வைக்குள் காதைப் பொத்திக்கொள்கிறவள் அவள்.

"வெட்டு" என்றேன். ஒவ்வொன்றாக வெட்டினாள். எனக்கு வருத்தம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் தியாகம் எதுவும் செய்யவில்லை. நகம் வளரும். குழந்தைக்கு முதல் சோறு ஒரு தடவைதான்.

5

கோயிலில் பிராகாரத்துத் தூண் ஓரமாக உட்கார்ந்தோம். குழந்தை என் மடியில் பட்டுப்பாவாடைக்குள் தொலைந்துபோயிருந்தது. செல்வி சர்க்கரைப் பொங்கலை மையாக மசித்துக் கிண்ணத்தில் வைத்திருந்தாள். மூன்று விரலால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன்.

குழந்தை முதலில் முகத்தைச் சுளித்தது. பிறகு என் விரலைப் பிடித்து வாய்க்குள் இழுத்துக்கொண்டது. பல் முளைக்காத ஈறு, சூடாக, அழுத்தமாக. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வலது கை விரல் நுனியில் எதுவும் பட்டு எனக்குப் பல வருடம் ஆகிறது; எல்லாமே நகத்தில்தான் பட்டுக்கொண்டிருந்தது. சந்தோஷமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை.

செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடமாட்டேங்கறா பாரு, உன் மருமவ" என்றாள்.

மத்தியானம் இலையில் கையால் சாப்பிட்டேன். இரண்டு முறை சாம்பார், ஒரு முறை ரசம். பக்கத்தில் மீராவும் கையால் முயன்றாள். சோறு முழங்கை வரை வழிந்தது. "எப்டிப்பா நீ சிந்தாம சாப்டற?" என்றாள்.

மறுநாள் விடுதியில் நகமில்லாமல் வாசித்துப் பார்த்தேன். பாய் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு வாசிக்கலயா சார்? சத்தமே வரல."

6

ஜெர்மனி திரும்பியதும் முதலில் நகக் கடைக்குப் போனேன். அடி வரை வெட்டியிருப்பதால் ஜெல் நிற்காது என்றார் கடைக்கார அம்மாள். கேட்காமல் ஒன்று ஒட்டவைத்தேன். அடுத்த நாள் பயிற்சியில் அது பறந்துபோய்ச் சுதாவின் காபியில் விழுந்தது.

என் ஆசிரியை ரெனாட்டே கையைப் பார்த்துவிட்டு நீண்ட மூச்சு விட்டார். இந்த வருடம் விலகிக்கொள்வதுதான் மரியாதை என்றார். நான் விலகுவதாக இல்லை. நகமே இல்லாமல் சதையால் மீட்டிய ஆட்கள் ஒரு காலத்தில் இருந்திருக்கிறார்கள், அவர்கள் வாசித்த இசை எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு கட்டு இசைத்தாள்களை இறக்கி என்னிடம் தள்ளினார். "பத்து நாள்தான் இருக்கிறது" என்றார்.

அந்த நாட்களைப் போல நான் எப்போதும் உழைத்ததில்லை. டிரெமொலோவைத் தூக்கி ஓரமாக வைத்தேன். வால்ட்ஸ் சதையில் மழுங்கியது, அதுவும் போனது. லூட் நடனங்கள் இரண்டும் நின்றன. உண்மையில் முன்பைவிட நன்றாக இருந்தன. நகத்தில் கண்ணாடி மாதிரி இருந்த சத்தம் இப்போது வட்டமாக, கனமாக வந்தது. இருநூறு வருடத்துக்கு முந்தைய எட்யூட்கள் சிலவற்றை எடுத்தேன். சுலபம் என்று ஆரம்ப காலத்தில் நான் மூன்று நாளில் தாண்டிவந்தவை. இப்போது ஒவ்வொன்றிலும் உள்ளே ஒரு குரல் ஒளிந்திருந்தது தெரிந்தது. தந்தி எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு திரும்பப் பேசுகிறது என்பதை விரல் நேராகவே அறிந்துகொண்டது. சத்தம் கம்மி. அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நிகழ்ச்சி அன்று சின்ன மண்டபம் நிறைந்திருந்தது. சுதாவும் மீராவும் மூன்றாவது வரிசையில். மீராவோடு அவள் தோழிகள் இரண்டு பேர். நான் மேடையேறி, அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் மாற்றம் இருக்கிறது, டிரெமொலோ துண்டு இல்லை என்று அறிவித்தேன். முன்வரிசையில் ஒருவர் ஏமாற்றமாகத் தாளைத் திருப்பினார். காரணம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சோற்றைப் பற்றி இவர்களிடம் எங்கே ஆரம்பிப்பது? பள்ளி அலுவலகத்துப் பெண்மணியின் முகம் ஞாபகம் வந்தது. "கையில் ஒரு சின்னப் பிரச்சினை" என்று முடித்துவிட்டு உட்காரப் போனேன்.

"பிரச்சினை எதுவும் இல்லை."

மீரா எழுந்து நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"என் அத்தைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது" என்றாள் ஜெர்மன் மொழியில். அத்தை என்ற சொல்லை மட்டும் தமிழிலேயே சொன்னாள். "எங்கள் ஊரில் முதல் சோற்றை மாமாதான் ஊட்ட வேண்டும். கையால். அதற்காக அப்பா நகத்தை வெட்டிக்கொண்டார். நான்தான் வெட்டினேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தோழிகள் அவளைப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

எனக்குக் கண் கலங்கி, தந்திகள் ஆறா பன்னிரண்டா என்று தெரியாமல்தான் உட்கார்ந்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு முதல் நடனத்தை ஆரம்பித்தேன். சத்தம் கம்மிதான். மூன்றாவது வரிசையில் என் மகள் முன்னால் சாய்ந்து கேட்டாள்.